சாய்ந்த வாஷரும் இரட்டை கார்பரேட்டரும்

போன வருஷம் மே மாதம். மேலுமலை ஏற்றத்தில் மாங்காய் லோடு ஏற்றிய குட்டி யானை ஒன்று ஹார்ன் அடித்துவிட்டு என்னைத் தாண்டிப் போனது. நான் ஓட்டிக்கொண்டிருந்தது 1965 மாடல் எம்.ஜி.பி., ஸ்போர்ட்ஸ் கார். குட்டி யானையில் உட்கார்ந்திருந்த பையன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். கார் அழகாக இருக்கிறது என்று சிரித்திருப்பான் என வைத்துக்கொண்டேன், அது பரவாயில்லை. ஆனால் ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தும் மூன்றாவது கியரில் ஏற மாட்டேன் என்று இன்ஜின் முனகியது இருக்கிறதே, அதற்கு எந்தச் சமாதானமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

காரணம் வாங்கிய நாளிலிருந்தே தெரியும். எனக்கு முன்னால் வைத்திருந்தவரோ, அவருக்கும் முன்னால் இருந்தவரோ, இரட்டை கார்பரேட்டரையும் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுப்பது) அதன் மேனிஃபோல்டையும் (அந்தக் கலவையை இன்ஜினுக்குள் கொண்டுபோகிற குழாய்) கழற்றிவிட்டு அம்பாசிடரின் மேனிஃபோல்டையும் ஒற்றை கார்பரேட்டரையும் மாட்டியிருந்தார். இது எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். பொருந்தும். அம்பாசிடரில் வந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் எம்.ஜி.பி.யின் 1798 சிசி இன்ஜினும் ஒரே வம்சம், இங்கிலாந்தின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கம்பெனியின் பி சீரிஸ். இரண்டுக்கும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம், 88.9 மில்லிமீட்டர்தான், சிலிண்டரின் குறுக்களவான போர் மட்டும் வேறு. தர்மபுரியில் எனக்கு வேலை பார்க்கிற மெக்கானிக் அண்ணன் முதல்முறை பானெட்டைத் திறந்தபோது, "அட, நம்ம அம்பாசிடரு! இதுக்கா சீமைக்காருன்னு இவ்ளோ பில்டப்பு?" என்றார். முப்பது வருஷத்துக்கு மேல் அம்பாசிடர் பார்த்தவர். அவரிடம் இஞ்ச் ஸ்பேனர் செட் முழுசாக இருந்தது, எனக்கு அதுவே பாதி நிம்மதி. மேனிஃபோல்டு நட்டுக்கு அரை இஞ்ச் ஸ்பேனர் வேண்டும். 13 எம்.எம். ஸ்பேனர் உள்ளே போகும், பிடித்த மாதிரியும் இருக்கும், அழுத்தித் திருப்பினால் பித்தளை நட்டின் மூலையெல்லாம் மழுங்கிப் பழம் ஆகிவிடும். அப்படி இரண்டு நட்டை ஏற்கெனவே பழமாக்கிய ஆள் நான்தான்.

சரி, மூச்சுக் கணக்குக்கு வருவோம். என் காரில் இருந்த அம்பாசிடர் கார்பரேட்டரின் வாயை அளந்தேன், ஒன்றேகால் இஞ்ச். பரப்பளவு போட்டால் ஏறக்குறைய 1.23 சதுர இஞ்ச். எம்.ஜி.பி.க்கு கம்பெனி கொடுத்தது ஒன்றரை இஞ்ச் எஸ்.யூ. கார்பரேட்டர் இரண்டு, எச்.எஸ்.4 என்ற மாடல். இரண்டும் சேர்ந்தால் 3.53 சதுர இஞ்ச். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 1800 சிசி இன்ஜினை இத்தனை நாள் ஸ்ட்ரா வைத்து மூச்சு விட வைத்திருந்திருக்கிறோம்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எஸ்.யூ. என்பது ஸ்கின்னர் யூனியன். அந்த ஸ்கின்னர் குடும்பம் லண்டனில் செருப்பு, ஷூ வியாபாரம் பார்த்த குடும்பம். முதலில் செய்த கார்பரேட்டரில் இப்போதுள்ள பிஸ்டனுக்குப் பதிலாகத் தோல் துருத்தி இருந்ததாம். செருப்புக் கடைக்காரர் வீட்டில் தோலுக்கா பஞ்சம்!

மாற்றுவது என்று முடிவாகிவிட்டது, எதை மாற்றுவது என்பதில்தான் ஒரு மாதம் போனது. ஓசூரில் வேலை பார்க்கிற நண்பன் ஒருவன், "வெபர் போடுடா, 45 டிசிஓஇ, சத்தமே வேற லெவல்ல இருக்கும்" என்று தினமும் வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தான். வெபர் என்பது இன்னொரு கம்பெனி கார்பரேட்டர், டிசிஓஇ அதில் இரண்டு தொண்டை உள்ள ஒரு மாடல். சத்தம் நன்றாகத்தான் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த இன்ஜினின் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல் மூடியை, பார்த்தால் அந்த ஆசை கொஞ்சம் தணியும். நான்கு சிலிண்டருக்கு நான்கு இன்டேக் போர்ட் (கலவை உள்ளே போகிற வாசல்) இல்லை, இரண்டுதான். ஒன்றும் இரண்டும் ஒரு வாசலைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, மூன்றும் நான்கும் இன்னொன்றை. சிலிண்டர்கள் வேலை செய்கிற வரிசை, ஃபயரிங் ஆர்டர், 1-3-4-2. அதாவது மூன்று இழுத்த கையோடு நான்கு இழுக்கும், இரண்டு இழுத்த கையோடு ஒன்று இழுக்கும். ஒரே வாசலில் அடுத்தடுத்து இரண்டு பேர் வந்து நின்றால் தள்ளுமுள்ளுதான். டிசிஓஇ வெபரின் அருமையே ஒரு சிலிண்டருக்கு ஒரு தொண்டை என்று தனித்தனியாகக் கொடுக்கலாம் என்பதுதான், அது இங்கே நடக்காது, ஒரு தொண்டை இரண்டு சிலிண்டருக்குத்தான் போகும். அதற்காக யாரும் போடாமல் இல்லை, ரேஸ் ஓட்டுகிறவர்கள் போட்டு நன்றாகவே ஓட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஜெட், சோக், எமல்ஷன் ட்யூப் என்று ஒரு டப்பா நிறைய வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வசதி உண்டு. நான் கிருஷ்ணகிரியில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு ஜெட்டுக்கும் கூரியரை எதிர்பார்க்க முடியாது. போதாததற்கு மேனிஃபோல்டு நீளம், வெபர் நீளம், ஏர் ஃபில்டர் எல்லாம் கூட்டிப் பார்த்தால் பக்கத்துத் தகடு இடிக்கப் பார்க்கிறது. நீளத்தைக் குறைத்த மேனிஃபோல்டு கிடைக்கும், ஆனால் மூச்சுக் குழாய் நீளம் குறைந்தால் கீழ் ஆர்பிஎம் இழுவையும் சேர்ந்து குறையும். நமக்கு வேண்டியதே அந்தக் கீழ் இழுவைதான்.

இன்னொரு வழி டவுன்டிராஃப்ட் வெபர் (காற்றை மேலிருந்து கீழாக இழுப்பது), 32/36. முதலில் 32 எம்.எம். வாய் திறக்கும், இன்னும் மிதித்தால் 36 திறக்கும். ஒரே கார்பரேட்டர், பேலன்ஸ் பண்ணும் தொல்லை இல்லை. தினமும் ஆபீஸுக்கு ஓட்டுகிறவர் என்றால் இதையே போடச் சொல்வேன். எனக்கு வேண்டாம் என்று தோன்றியதற்கு இன்ஜினியரிங் காரணம் பாதி, பானெட்டைத் திறந்தால் இரண்டு எஸ்.யூ. டோமும் பளபளவென்று நிற்க வேண்டும் என்ற ஆசை பாதி. மறைப்பானேன்.

ஆக, பழைய ஒரிஜினல் வழி. எம்.ஜி.பி.யின் அலுமினிய இன்டேக் மேனிஃபோல்டும் ஒரு ஜோடி எச்.எஸ்.4-உம் பெங்களூரில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாகக் கிடைத்தன. "சூப்பர் கண்டிஷன், மாட்டி ஓட்ட வேண்டியதுதான்" என்றார். பழைய சாமான் விற்கிற எல்லாரும் சொல்கிற வசனம்தானே. காரின் பழைய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, கார் வாங்கும்போதே ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்ததில் இருந்தது. கனத்த வார்ப்பிரும்பு, துருவைத் தவிர குறை இல்லை. சைலன்சர் பைப்பை அதற்குத் தகுந்த மாதிரி வெட்டி வெல்டிங் வைத்தது தனி அவதி, அதை விட்டுவிடுகிறேன்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று. மேனிஃபோல்டைக் கையில் எடுத்தால் முதலில் பாலிஷைப் பார்க்காதீர்கள், ஹெட்டில் உட்காரும் முகத்தைப் பாருங்கள். அலுமினியம் சூட்டில் வளையும். இரண்டு முகமும் ஒரே தளத்தில் உட்காராவிட்டால் நடுவில் இடைவெளியை அடைக்கிற கேஸ்கெட் எத்தனை போட்டாலும் காற்று இழுக்கும். தளம் பார்க்கச் சமமான ஒரு பரப்பு வேண்டும். கிருஷ்ணகிரியில் அதற்கா பஞ்சம்? பர்கூர் பக்கம் கிரானைட் பாலிஷ் பட்டறையில் உடைந்த ஸ்லாப் துண்டு ஒன்றைக் கேட்டேன், சும்மாவே கொடுத்தார்கள். அளவுக் கருவிக் கடையில் விற்கிற சர்ஃபேஸ் பிளேட் போல அது துல்லியம் இல்லைதான், ஆனால் முடி அளவு வளைவைக் காட்டிக்கொடுக்க அது போதும். கல்லின் மேல் மேனிஃபோல்டைக் கவிழ்த்து வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விட்டேன். பின்பக்க முகத்தின் ஓரத்தில் எட்டு தௌ, அதாவது ஒரு இஞ்சில் ஆயிரத்தில் எட்டு பங்கு, உள்ளே போனது. கல்லின் மேல் எமரி ஷீட்டை ஒட்டி, மண்ணெண்ணெய் விட்டு, மேனிஃபோல்டை எட்டு போட்டது போலச் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். முகத்தில் மார்க்கர் பேனாவால் கட்டம் போட்டிருந்தேன், தேய்க்கத் தேய்க்கக் கோடுகள் ஒரு பக்கமாக அழிந்து, கடைசியில் மூலையில் இருந்த ஒற்றைக் கோடும் போனபோது கையில் சுரணையே இல்லை. இரண்டு சாயங்காலம். ரொம்பப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைக்குத்தான் பின்னால் விலை கொடுத்தேன்.

அடுத்து கேஸ்கெட்டை வைத்து ஓட்டை ஒத்துப் போகிறதா என்று பார்க்க வேண்டும். இதில் ஒரு விஷயம் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். மேனிஃபோல்டு ஓட்டை ஹெட் ஓட்டையைவிடத் துளி சின்னதாக இருந்தால் பெரிய மோசம் இல்லை. பெரியதாக இருந்தால்தான் வருகிற காற்று ஹெட்டின் விளிம்பில் போய் முட்டும், படிக்கட்டில் கால் இடறின மாதிரி. என்னுடையதில் கீழ் உதட்டில் கேஸ்கெட் அரை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது, அதை மட்டும் வெட்டிவிட்டேன். ஹெட்டுக்குள் அரம் விட்டுப் பெரிதாக்குகிற விளையாட்டுக்கெல்லாம் போகவில்லை.

மாட்டினோம். ஹெட்டில் ஸ்டட், அதன் மேல் கேஸ்கெட், மேலே இன்டேக், கீழே எக்ஸாஸ்ட். இந்த இன்ஜினில் இரண்டும் ஒரே பக்கம். கார்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் சூடு கடத்தாத கட்டை ஒன்று வரும், அப்புறம் ஹீட் ஷீல்டு தகடு. இவை இரண்டையும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். எக்ஸாஸ்ட் நேர் கீழே கொதிக்கிறது, நம் ஊர் ஏப்ரல் வெயிலில் ஃப்ளோட் சேம்பரில் (கார்பரேட்டரின் பெட்ரோல் கிண்ணம்) பெட்ரோல் கொதித்துப் போய் டீக்கடையில் நிறுத்திய வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆகாமல் நின்ற அனுபவம் அம்பாசிடர் வைத்திருந்த எல்லாருக்கும் இருக்கும். நட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மாற்றி மாற்றி முறுக்கினோம், 15 அடி பவுண்டு, அதற்கு மேல் போகவில்லை. எஸ்.யூ.வில் பெட்ரோல் வருகிற துவாரமான ஜெட்டை மேல் மட்டத்திலிருந்து இரண்டு சுற்று, அதாவது அதன் ஆறு பட்டை நட்டில் பன்னிரண்டு பட்டை, கீழே இறக்கி வைத்தோம். இறக்க இறக்கப் பெட்ரோல் கூடும். இந்த மாதிரி எஸ்.யூ.வுக்கு வழக்கமான ஆரம்பம் அதுதான்.

ஸ்டார்ட் ஆனது. ஆனால் ஸ்லோ நிற்கவில்லை. ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது. காலை எடுத்தால் சைலன்சரில் பட் பட் என்று வெடிக்கிறது. இழுவையும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை, குட்டி யானையைத் துரத்துகிற அளவுக்கு நிச்சயமாக இல்லை.

எனக்கு உடனே ஞானோதயம் வந்துவிட்டது: இ20 பெட்ரோல்! இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். வெறும் பெட்ரோல் முழுசாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும், கலவைக்குச் சுமார் 13.5 வரும். பழைய அளவுக்கு ஜெட்டை வைத்தால் கலவை மெலிந்துதான் போகும், அதாவது பெட்ரோல் பற்றாமல் போகும். கணக்கு சரியானதுதான். அதனால்தான் ஏமாந்தேன். இரண்டு வாரம் ஜெட்டை இறக்கிக்கொண்டே போனேன், பன்னிரண்டு பட்டை பதினைந்தானது, பதினெட்டானது. கார் கரும்புகையும் விட்டது, வெடிக்கவும் செய்தது. வீட்டில், "இதுக்கு அந்தப் பழைய கார்பரேட்டரே நல்லா ஓடுச்சே" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார்கள், அதற்கு மேல் சொல்லத் தேவைப்படவில்லை.

கடைசியில் காவேரிப்பட்டணம் வழியாக வெடித்துக்கொண்டே தர்மபுரிக்கு ஓட்டிப் போனேன். அண்ணன் நான் சொன்ன எத்தனால் பாடத்தை முழுசாகக் கேட்டார். ஒன்றும் பேசவில்லை. நான்கு பிளக்கையும் கழற்றி, கழற்றின வரிசையிலேயே ஃபெண்டர் மேல் விரித்த துணியில் வைத்தார். மூன்று, நான்கு இரண்டும் கரி பிடித்து அடுப்புக்கரி மாதிரி. ஒன்று, இரண்டு இரண்டும் வெளுத்து, சுண்ணாம்பு தடவின மாதிரி.

"பெட்ரோலு சரியில்லைன்னா நாலும் வெளுக்கணும்ல தம்பி. ரெண்டுக்கு மட்டும் வேற பங்குல போட்டியா?"

அவ்வளவுதான். இரண்டு வாரக் கணக்கும் போச்சு. ஒன்றும் இரண்டும் ஒரே போர்ட், முன்பக்கத்துப் போர்ட். அந்த வாசலில் மட்டும் எங்கோ வெளிக்காற்று நுழைகிறது. அண்ணன் ஆயில் கேனை எடுத்து, ஸ்லோவில் ஓடிக்கொண்டிருந்த இன்ஜினின் முன் போர்ட் கேஸ்கெட் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக இன்ஜின் ஆயில் விட்டார். சிலர் பெட்ரோலே ஊற்றிப் பார்ப்பார்கள், கீழே எக்ஸாஸ்ட் சிவக்கக் காய்ந்துகொண்டிருக்கும்போது அந்த வீரம் வேண்டாம். மூன்றாவது சொட்டு மேல் ஓரத்தில் விழுந்ததும் சுர்ரென்று உள்ளே போனது, இன்ஜின் சத்தம் சட்டென்று சமமாகி நான்கைந்து விநாடி அழகாக ஓடியது, அப்புறம் சைலன்சரில் நீலப் புகை. ஆயில் தீர்ந்ததும் பழையபடி ஏறி இறங்க ஆரம்பித்தது.

கேஸ்கெட்தான் போயிருக்கும், நான் தேய்த்த முகத்தில் குறை இருக்காது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் நட்டைக் கழற்றி ஒரு வாஷரை என் உள்ளங்கையில் வைத்தார். நடு ஸ்டட்களில் போடுகிற தடிமனான வாஷர். இந்த இன்ஜினில் அந்த வாஷருக்கு இரட்டை வேலை. ஒரே வாஷரின் மேல் பாதி இன்டேக்கின் ஓரத்தையும் கீழ் பாதி எக்ஸாஸ்டின் ஓரத்தையும் சேர்த்து அமுக்க வேண்டும். என் கையில் இருந்த வாஷரில் ஒரு பாதி மட்டும் பிறை நிலா மாதிரி பளபளவென்று தேய்ந்திருந்தது. மறு பாதி கறுப்பாக, கடையில் வாங்கினபடியே இருந்தது, ஒன்றையும் தொட்டதே இல்லை.

வெர்னியர் வைத்து அளந்தோம். எக்ஸாஸ்ட் ஓரத்தைவிட இன்டேக் ஓரம் 1.2 மில்லிமீட்டர் மெலிசு. எனக்கு முன்னால் யாரோ இன்டேக்கை லேத்தில் கொடுத்து ஃபேசிங் அடித்திருக்கிறார், அதன் மேல் நான் வேறு கிரானைட் கல்லில் இரண்டு சாயங்காலம் தேய்த்திருக்கிறேன். வாஷர் எக்ஸாஸ்டில் உட்கார்ந்து, இன்டேக்கைத் தொடாமலேயே சாய்ந்து நிற்கிறது. எவ்வளவு முறுக்கினாலும் எக்ஸாஸ்ட்தான் இறுகும். முகம் கண்ணாடி மாதிரி இருந்து என்ன பிரயோஜனம், அமுக்குவதற்கு ஆள் இல்லையே.

இதற்கு இரண்டு வழி. எக்ஸாஸ்ட் ஓரத்தின் வெளிப்பக்கத்தை மெஷினில் கொடுத்து இன்டேக் தடிமனுக்குக் குறைக்கலாம், அல்லது படி வைத்த வாஷர் செய்யலாம். வார்ப்பிரும்பைக் குறைத்தால் திரும்ப வளராது என்பதால் வாஷரே நல்லது என்றார் அண்ணன். அவர் கடையிலிருந்து நான்கு கடை தள்ளி ஒரு லேத் பட்டறை. அங்கே எட்டு மில்லிமீட்டர் தடிமனில் எம்.எஸ். (சாதா இரும்பு) ராடிலிருந்து வாஷர் அறுத்து, ஓட்டை போட்டு, ஒவ்வொன்றிலும் சரிபாதியை 1.2 மில்லிமீட்டர் இறக்கிக் கொடுத்தார்கள். இறக்கின பாதி எக்ஸாஸ்ட் மேல், இறக்காத பாதி இன்டேக் மேல். படியின் விளிம்பு எக்ஸாஸ்ட் ஓரத்தில் முட்டி நிற்பதால் நட்டை முறுக்கும்போது வாஷர் சுற்றவும் சுற்றாது. புது கேஸ்கெட் போட்டோம். நான் ஒரு முன்ஜாக்கிரதைக்குச் சிலிக்கான் பேஸ்ட் தடவலாமா என்று கேட்டேன். "பெட்ரோல் படுற எடத்துல அது ஊறிப் புழு மாதிரி உரிஞ்சி உள்ள போவும், பேசாம இரு" என்றார்.

ஜெட்டைத் திரும்பப் பன்னிரண்டு பட்டைக்குக் கொண்டுவந்தோம். அப்புறம் பேலன்ஸ். இரண்டு கார்பரேட்டரையும் இணைக்கிற கிளிப்பைத் தளர்த்திவிட்டு, ஒரு முழம் ரப்பர் ட்யூபை எடுத்து ஒரு முனையை காதிலும் மறு முனையை கார்பரேட்டர் வாயிலும் வைத்துக் கேட்க வேண்டும். உஸ்ஸென்று ஒரு சத்தம். அடுத்ததில் வைத்தால் அதே உஸ் வேறு சுருதியில் இருக்கும். ஸ்லோ ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாகத் திருப்பி இரண்டையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவர வேண்டும். அண்ணன் என்னிடமும் ட்யூபைக் கொடுத்தார். எனக்கு முதலில் இரண்டும் ஒன்றாகவே கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பின்னால் இருப்பது கொஞ்சம் கனத்த சத்தம் என்று பிடிபட்டது. கடைசியாக, கார்பரேட்டரின் பிஸ்டனை, அதைத் தூக்குவதற்கென்றே இருக்கிற சின்ன பின்னை அழுத்தி, லேசாக, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, தூக்கிப் பார்ப்பது. ஆர்பிஎம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், இன்ஜின் அணையப் பார்த்தால் குறைவு, துளி ஏறி உடனே பழைய இடத்துக்கு வந்தால் சரி. எத்தனால் பாவமும் இல்லாமல் இல்லை, இரண்டு பட்டை கூடுதலாக இறக்க வேண்டி வந்தது. ஆறு இல்லை, இரண்டு.

அண்ணனையும் ஏற்றிக்கொண்டு தொப்பூர் வரை போய்த் திரும்பினோம். இறங்கும்போது முன்னாலும் பின்னாலும் லாரி, ஒன்றும் தெரியவில்லை. திரும்பி ஏறும்போது மூன்றாவது கியரில் மிதித்தேன், முனகல் இல்லை, கார்பரேட்டர் பக்கமிருந்து தொண்டையைத் திறந்த மாதிரி ஒரு உறுமல், முதுகு சீட்டில் போய் ஒட்டியது. அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு, "போதும் போதும், இது அம்பாசிடரு இல்ல, ஒத்துக்கறேன்" என்றார்.

வாரம் ஒரு தடவையாவது ஓட்டிவிட்டு, இன்ஜின் நன்றாக ஆறின பிறகு நட்டை எல்லாம் ஒருமுறை முறுக்கிப் பார்க்கச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன், முன்பக்கத்து இரண்டு நட்டு கால் சுற்று வாங்கின. அதற்கடுத்த ஞாயிறு எதுவும் அசையவில்லை. பழைய வாஷரை அண்ணன் திருப்பித் தரவில்லை. கடையில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார், யாராவது இ20 பற்றிப் பேச ஆரம்பித்தால் எடுத்துக் காட்டுகிறாராம்.